ஆமென் பிரேக்: வெட்டி எடுப்பதா, பேக் வாங்குவதா, கட்டத்தில் அமைப்பதா, ஆளை வைத்து வாசிப்பதா?

டர்பனில் வீட்டு அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் இசை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கே போனாலும் ஒருவராவது கண்ணில் படுவார். அவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டுக்கு உடைந்து உருண்டு ஓடுகிற டிரம்ஸ் வேண்டும். காதில் ஏற்கெனவே ஆமென் பிரேக் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பழைய பாட்டு ஒன்றில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் ஏழு வினாடித் துண்டு அது; அப்படிப்பட்ட தனி டிரம்ஸ் இடத்தைத்தான் பிரேக் என்பார்கள். "அண்ணா, அதையே வெட்டிப் போடட்டுமா, இல்லை காசு கொடுத்து ஒரு சாம்பிள் பேக், அதாவது வெட்டிப் பயன்படுத்த விற்கும் ஒலித் தொகுப்பு, வாங்கட்டுமா? நானே தட்டி அமைத்தால் ஏன் அந்த உயிர் வரமாட்டேன் என்கிறது?" என்று கேட்கிறார்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை பழகுவதற்கு மூல ஆமெனைப் போல ஒரு ஆசான் இல்லை. உலகுக்கு வெளியிடும் பாட்டுக்கு உயிருள்ள ஒரு கலைஞரை வாசிக்க வைத்து அதை வெட்டுங்கள். மற்ற இரண்டு வழிகளுக்கும், அதாவது பேக் வாங்குவதற்கும் மென்பொருளின் கட்டங்களில் நாமே அடிகளை அமைப்பதற்கும், அவற்றுக்குரிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த ஏழு வினாடிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

## அந்த ஏழு வினாடி

1969-இல் வாஷிங்டன் நகரத்து இசைக்குழுவான 'த வின்ஸ்டன்ஸ்' ஒரு சிறு இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கத்தில் இருந்த 'கலர் ஹிம் ஃபாதர்' கிராமி விருது வரை போனது. பின்பக்கத்தை நிரப்பப் போட்ட வாத்திய இசைதான் 'ஆமென், பிரதர்'. அதில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும்போது மற்ற எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு பீட் கொண்ட சுற்று) வாசிப்பார். நிமிடத்துக்குச் சுமார் 137 பீட் வேகம். ஆக, மொத்தம் ஏழு வினாடி.

1986-இல் டிஜேக்களுக்காகத் தொகுக்கப்பட்ட 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' வரிசையில் அந்தப் பாட்டு இடம் பிடித்தது. அங்கிருந்துதான் அது பரவியது. எண்பதுகளின் கடைசியில் அமெரிக்க ஹிப்-ஹாப் அதை வேகம் குறைத்துப் போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜங்கிள் இசைக்காரர்கள் வேகத்தை 160, 170 என்று ஏற்றித் துண்டு துண்டாக நறுக்கினார்கள். அதிலிருந்து டிரம் அண்ட் பேஸ் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களில், விளம்பரங்களில், கார்ட்டூன் முகப்பு இசையில்கூட அது இன்று இருக்கிறது.

சரி, ஏன் இது மட்டும்? அந்தக் காலத்தில் நல்ல டிரம்மர்களுக்குப் பஞ்சமில்லை. அதே 1969-இல் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு, பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக 'ஃபங்கி டிரம்மர்' வாசித்தார். அதுவும் எண்ணற்ற பாடல்களில் வெட்டப்பட்டதுதான். ஆனால் அது ஒரே சீராகச் சுழலும் தாளம். மேலே ஒருவர் ராப் பாடுவதற்கு அருமையாக இடம் விடும். ஆமெனோ நான்கு பாருக்குள் ஒரு கதையையே சொல்லி முடித்துவிடுகிறது.

முதல் இரண்டு பாரும் ஒன்றே. அழுத்தமான ஸ்னேர் (கூர்மையாக வெடிக்கும் டிரம்) இரண்டாவது, நான்காவது பீட்டில் சரியாக விழுகிறது. மூன்றாவது பாரில் கடைசி ஸ்னேர் தன் இடத்தில் விழாமல் அரை பீட் தள்ளி விழும். நான்காவது பாரின் முதல் பீட்டில் அடியே இல்லை, வெற்றிடம். பிறகு சில குறுக்கு அடிகள், எதிர்பாராத இடத்தில் ஒரு க்ராஷ் (சிம்பலின் பெரிய வெடிப்பு). நம் தாளத்தில் எடுப்பை அரை இடம் தள்ளிப்போட்டு விளையாடும் தவில்காரரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். சமத்தை, அதாவது சுற்றின் முதல் அடியை, எதிர்பார்த்து நிற்கும் உடம்பு ஒரு கணம் தடுமாறி, அப்புறம் தரையைப் பிடிக்கும். ஆட வைப்பது அந்தத் தடுமாற்றம்தான்.

இன்னொரு காரணம் பதிவின் தன்மை. ரைடு சிம்பலின் ஓசை அடிகளுக்கு நடுவே தொடர்ந்து கசிந்துகொண்டே இருக்கிறது. ஸ்னேருக்குள்ளும், காலால் அடிக்கும் கனமான டிரம்மான கிக்குக்குள்ளும் அந்தக் கசிவு உண்டு. நீங்கள் ஒரு துண்டை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால் சிம்பலின் வால் பாதியில் அறுபடும். அந்த அறுபட்ட வாலே ஒரு புதிய ஓசையாகிவிடுகிறது. எப்படி மாற்றி அடுக்கினாலும் எல்லாத் துண்டுகளும் ஒரே அறையில், ஒரே கையால் வாசிக்கப்பட்டவை என்ற ஒட்டுறவு போகாது. சுத்தமாக, தனித்தனி மைக்கில் பதிவான டிரம்ஸில் இந்த ஒட்டு கிடைப்பது அரிது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு வழிகளையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

அசைவு: கேட்பவரின் உடம்பு தானாக நகர்கிறதா? வெட்டும் இடம்: துண்டுபோட்டு மாற்றி அடுக்க எவ்வளவு வாய்ப்பு? உரிமை: ஸ்ட்ரீமிங் தளங்களில் போட்டால் நாளை யாராவது கைவைக்க முடியுமா? செலவு: பணம் மட்டுமின்றி நேரம், பொறுமை, பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை எல்லாம் இதில் அடங்கும். கடைசியாக, நம் ஊர் ஆட்டக்களம். இங்கே இளைஞர்கள் ஆடுவது 112 பீட் அருகே நடக்கும் அமாபியானோவுக்கும், 120-களில் ஓடும் க்ஹோமுக்கும். இரண்டும் தென்னாப்பிரிக்க எலெக்ட்ரானிக் ஆட்ட இசை. லண்டன் கிளப்புக்குப் பொருந்தியது டர்பனில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

| | மூலத்தை வெட்டுதல் | பேக் வாங்குதல் | கட்டத்தில் அமைத்தல் | ஆள் வாசித்தல் |
|---|---|---|---|---|
| அசைவு | மிக நன்று | பேக்கைப் பொறுத்தது | உழைத்தால் நன்று | கலைஞரைப் பொறுத்தது, பெரும்பாலும் மிக நன்று |
| வெட்டும் இடம் | ஏராளம் | நடுத்தரம் | தேவையே இல்லை, எல்லாம் தனித்தனி | ஏராளம் |
| உரிமை | சிக்கல் | உரிமப் பத்திரத்தைப் படிக்கணும் | சிக்கல் இல்லை | எழுதி வாங்கினால் சிக்கல் இல்லை |
| கைப்பணம் | கிட்டத்தட்ட இல்லை | குறைவு | மென்பொருள் விலை மட்டும் | அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | பாட்டு தளத்திலிருந்து நீக்கப்படும் ஆபத்து | ஆயிரம் பேரிடம் இருக்கும் அதே ஓசை | நேரம் | இடம், மைக், ஒத்திகை, அண்டை வீடு |

## மூலப் பதிவை வெட்டி எடுப்பது

கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி கிடையாது. பாட்டைத் திறந்து அந்த நான்கு பாரை எடுத்து, ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் கையாலேயே கத்தி வையுங்கள். மென்பொருளைத் தானாக வெட்ட விடாதீர்கள். சம நீளத் துண்டுகளாக நறுக்கினால் அடிகள் கோட்டில் விழவே விழாது என்பது அப்போதுதான் தெரியும். சில அடிகள் ஒரு மயிரிழை முன்னால், சில பின்னால். ஸ்னேர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். மெல்லிய இடையடிகளைத் தனியாகக் கேளுங்கள். அவற்றை ஒவ்வொன்றாக மௌனமாக்கிவிட்டு லூப்பை (திரும்பத் திரும்பச் சுழலும் துண்டை) ஓட்டிப் பாருங்கள். பெரிய அடிகள் எல்லாம் அப்படியே இருக்கும், ஆட்டம் மட்டும் செத்துப்போகும். இந்த ஒரு பயிற்சி கற்றுத் தருவதை எந்தப் பயிற்சி வீடியோவும் கற்றுத் தராது.

வேகத்தை மாற்றும் கணக்கும் இங்கேதான் புரியும். 137-இலிருந்து 165-க்கு, பழைய சாம்பிளர் (ஒலித் துண்டைப் பதிந்து வாசிக்கும் கருவி) முறையில் சுருதியோடு சேர்த்து ஏற்றினால் ஓசை மூன்று அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். ஸ்னேர் மெலிந்து கூர்மையாகும். ஜங்கிளின் அந்தப் பதற்றமான குரல் பாதி இதனால் வந்ததுதான். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றினால், பழைய ஆகாய் சாம்பிளர்களில் ஓர் உலோக நடுக்கம் ஏறும். அதுவும் அந்தக் காலத்து இசையின் அடையாளமாகிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். அமாபியானோவின் 112-க்கு இறக்கினால் ஓசை மூன்றரை அரைச்சுரம் கீழே போய், ரைடு சிம்பல் சோம்பலாக இழுக்கும். அங்கே ஷேக்கரும் (குலுக்கு வாத்தியம்) லாக் டிரம்மும் (மரக்கட்டை போல ஒலிக்கும் தாழ்ந்த அடி) தான் ராஜா. ஆமெனின் கிக் அவற்றோடு மல்லுக்கு நிற்கும். அமாபியானோவுக்கு முழு லூப்பாக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். க்ஹோமில் கதை வேறு. டர்பனின் உம்லாசியிலும் க்வாமாஷுவிலும் பிறந்த அந்த இசையே நேரான நான்கு கிக்கை ஒதுக்கிவிட்டு உடைந்த தாளத்தில் நடப்பது. 125 அருகே இறக்கினால் ஒன்றரை அரைச்சுரம்தான் குறையும், உயிர் போகாது. ஆமெனின் தாழ்ந்த அலைவரிசைகளை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கனத்தை க்ஹோமின் கிக்குக்கே விட்டுக்கொடுங்கள். மெல்லிய ஸ்னேர்களையும் நான்காவது பாரின் க்ராஷையும் மட்டும் எட்டு பாருக்கு ஒருமுறை உள்ளே விடுங்கள். சாட்ஸ்வர்த்தும் உம்லாசியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டு ஊர்க் காதும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரு கலவை இதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி உரிமை. இங்கேதான் பலர் அரைகுறைத் தகவலோடு இறங்குகிறார்கள். "ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, இனி யாரும் கேட்க முடியாது" என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கான காலம், வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் 1969-இன் பதிவுக்கு 2019-உடன் காலம் முடிகிறது. ஆனால் உங்கள் பாட்டு டர்பனுக்குள் மட்டும் இருக்கப் போவதில்லையே. ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிய நொடியில் அது அமெரிக்காவிலும் ஒலிக்கிறது. அங்கே 2018-இல் வந்த சட்டத்தின்படி அந்தக் காலத்துப் பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு இருக்கிறது. பதிவு வேறு, இசையமைப்பு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. இசையமைப்பின் உரிமை, அமைத்தவர் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் நீடிக்கும். குழுவின் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சர் காலமானதே 2020-இல்தான். முறைப்படி வெட்டுவதானால் பதிவின் உரிமையாளர், இசையமைப்பின் பதிப்பாளர் என்று இரண்டு இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். சொந்தமாக வெளியிடும் ஒருவரின் கடிதத்துக்கு அங்கிருந்து பதில் வருவதே பெரிய விஷயம். விநியோகத் தளத்தில் "இதிலுள்ள எல்லாம் என்னுடையது" என்று பெட்டியில் குறியிட்டுத்தான் பாட்டை ஏற்றுகிறீர்கள். பொய்க் கையெழுத்து போட்டுத் தொழிலைத் தொடங்க வேண்டாம்.

சட்டத்துக்கு மேலே ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. அந்த ஏழு வினாடியை வாசித்த கோல்மனுக்கு இத்தனை பாடல்களிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006-இல் அட்லாண்டாவில் அவர் இறந்தபோது வீடில்லாதவராக, வறுமையில் இருந்தார். ஸ்பென்சருக்கோ தன் பாட்டு இப்படிப் பரவியது 1996 வரை தெரியவே தெரியாது. தெரிந்தபோது வழக்குப் போடும் காலம் கடந்திருந்தது. 2015-இல் இங்கிலாந்து டிஜேக்கள் இருவர் முன்னெடுத்த நன்கொடையில் 24,000 பவுண்டு சேர்ந்து அவருக்குப் போனது. நல்ல காரியம், ஆனால் கோல்மன் போய் ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாய் 1860 முதல் கப்பலில் வந்து, கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்தும் உழைப்பின் பலன் அடுத்தவர் கைக்குப் போனதைப் பார்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கதையை நாம் லேசாகத் தாண்டிப் போகக் கூடாது.

அதனால், மூலத்தை வெட்டுவது எப்போது சரி? பழகும்போது. நண்பர் வீட்டு விருந்திலும், வெளியிடாத டிஜே கலவையிலும். வெளியிடும் பாட்டுக்கு இது வேண்டாம்.

## சாம்பிள் பேக் வாங்குவது

அவசரத்துக்கு இது போதும். ஒரு விளம்பரத்துக்கோ, குறும்படத்துக்கோ நாளைக் காலைக்குள் டிரம்ஸ் வேண்டும் என்றால் நானும் பேக்கைத்தான் திறப்பேன்.

ஆனால் 'ஆமென்' என்று பெயர் போட்டு விற்கும் எல்லாமே ஒரே சரக்கில்லை. சிலவற்றில் ஒரு டிரம்மரைப் புதிதாக வாசிக்க வைத்து, பழைய ஓசை வரும்படி பதிவு செய்திருப்பார்கள். வேறு சிலவற்றில் மூலப் பதிவையே நறுக்கி, மெருகேற்றி, ராயல்டி இல்லை என்று எழுதி விற்பார்கள். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் உங்களுக்கு எப்படிக் கொடுக்க முடியும்? 'புதிதாக வாசித்துப் பதிவு செய்தது' என்ற வாசகம் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கிய ரசீதையும் உரிமப் பத்திரத்தையும் பாட்டின் கோப்போடு சேர்த்து வையுங்கள். அதே லூப்பை வேறு யாராவது முதலில் யூடியூபில் ஏற்றியிருந்தால், உங்கள் பாட்டின் மேல் தானியங்கி உரிமைக் கோரல் விழும். அப்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

மறைந்திருக்கும் பெரிய செலவு, உங்கள் பாட்டு அடுத்தவர் பாட்டு மாதிரி இருப்பது. லூப்பை அப்படியே ஓடவிடாமல் நறுக்கி அடுக்கினால் அது பாதி சரியாகும்.

## கட்டத்தில் தானே அமைப்பது

உரிமைத் தொல்லை கொஞ்சமும் இல்லாத வழி. டர்பனில் க்ஹோம் செய்பவர்கள் பலர் பயன்படுத்தும் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளில், கட்டங்களில் அடிகளைக் குறித்தாலே போதும். பணம் குறைவு, சத்தமில்லை, இரவு இரண்டு மணிக்கும் ஹெட்ஃபோனில் செய்யலாம்.

"உயிர் வரவில்லை" என்ற புகார் இந்த வழியில்தான் அதிகம். ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். ஒரு பாரைப் பதினாறு கட்டமாகப் பிரியுங்கள். கிக்கை 1, 3, 11, 12-இல் வையுங்கள். அழுத்தமான ஸ்னேரை 5, 13-இல். மெல்லிய ஸ்னேரை 8, 10, 16-இல். ரைடை ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும். இது ஆமெனின் முதல் பாரின் எலும்புக்கூடு. ஓட்டினால் தையல் இயந்திரம் மாதிரி கேட்கும். இப்போது அடிகளின் வலிமையை மாற்றுங்கள். உச்ச அளவு 127 என்றால், பெரிய ஸ்னேர் 115 அருகே, மெல்லியவை 35-இலிருந்து 50-க்குள், ஒவ்வொன்றும் வேறு எண். மெல்லியவற்றில் ஒன்றிரண்டைச் சில மில்லிவினாடி தாமதமாக்குங்கள். ரைடிலும் ஒன்று விட்டு ஒன்று மெலிந்து ஒலிக்கட்டும். மூன்றாவது பாரில் 13-ஆம் கட்டத்து ஸ்னேரைத் தூக்கி 15-இல் வையுங்கள், 12-இல் இருக்கும் கிக்கை எடுத்துவிடுங்கள். கடைசியாக எல்லா டிரம்ஸையும் ஒரே தடத்தில் சேர்த்து, ஒரு சின்ன அறையின் எதிரொலியும் கொஞ்சம் கம்ப்ரஷனும் (உரத்த அடிக்கும் மெல்லிய அடிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) கொடுங்கள். அப்போதுதான் துண்டுகள் ஒரே கூரைக்கு அடியில் வந்து சேரும்.

இதையெல்லாம் செய்தால் மூலத்துக்கு மிக அருகே வரலாம். ஆனால் ஓர் இரவு போய்விடும், நான்காவது பாருக்கு இன்னோர் இரவு. அந்த உழைப்பைப் போட்டு ஏற்கெனவே உள்ள ஒன்றின் நகலை ஏன் செய்ய வேண்டும்? இந்த வழியின் உண்மையான பலம், மனிதக் கை வாசிக்க முடியாததையும் காது இதுவரை கேட்காததையும் அமைப்பதில் இருக்கிறது. அமாபியானோவுக்கும் சுத்தமான எலெக்ட்ரானிக் ஓசைக்கும் இதுதான் சரியான தேர்வு. அறையில் சத்தம் போட வழியில்லாதவர்களுக்கும், கையில் காசே இல்லாத தொடக்கக்காரர்களுக்கும் இதுவே.

## ஆளை வைத்து வாசித்துப் பதிவு செய்வது

செலவு அதிகம், தலைவலி அதிகம், பலனும் அதிகம். என் மனம் இந்தப் பக்கம்தான்.

டிரம்ஸ் வாசிப்பவரைப் பிடிப்பது டர்பனில் கஷ்டமில்லை. சர்ச்சுகளில், ஜாஸ் குழுக்களில், கல்யாண இசைக்குழுக்களில் நல்ல கைகள் உண்டு. ஆனால் நான் சொல்ல வருவது இன்னொன்று. தைப்பூசக் காவடிக்கு நாகசுரமும் தவிலும் முழங்கும் ஊர் இது. உடுக்கை அடித்துப் பாடுபவர்கள் இருக்கிறார்கள். ஆமெனில் நம்மைக் கவரும் எல்லாமே, இடம் தள்ளிய அடி, கனமும் மென்மையும் மாறி மாறி வருவது, வெற்றிடம் விட்டு அடிப்பது, எல்லாம் தவிலில் தினசரிப் பேச்சு. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உலகமே வெட்டித் தீர்த்த ஏழு வினாடிக்குள் நாம் ஏன் முடங்க வேண்டும்?

தவிலின் ஓசை பிரேக்குக்கு என்றே அமைந்த மாதிரி இருக்கும். இடப்பக்கம் குச்சியால் அடிக்கும் தொப்பி கனமான அடிநாதத்தைத் தரும், கிக்கின் வேலையை அது பார்க்கும். வலப்பக்கம் விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலை, ஸ்னேரைவிடக் கூர்மையாக வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி மைக் வையுங்கள். வலந்தலைப் பக்க மைக்கை ஒரு முழம் தள்ளியே வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் அந்த வெடிப்பு மைக்கைத் திணறடித்து ஓசை கிழியும். மூன்றாவதாக ஒரு மைக்கை அறையின் மூலையில் வையுங்கள். முன்பு சொன்ன ஒட்டுறவைத் தருவது இந்த மூன்றாவது மைக்தான். வெட்டும்போது மூன்று தடங்களையும் சேர்த்தே வெட்டுங்கள்.

வாசிப்பவரிடம் "ஆமென் மாதிரி வாசியுங்கள்" என்று கேட்காதீர்கள். நான்கு நான்காய் எண்ணிக்கை கொடுத்து, 130 அருகே ஒரு வேகம் சொல்லி, முதல் இரண்டு சுற்று நேராக, மூன்றாவதில் ஒரு திருப்பம், நான்காவதில் ஒரு முடிப்பு என்று கேளுங்கள். பெரிய தவில்காரர்களுக்கு இது கைவந்த கலை. முதல் சில பதிவுகளுக்கு மட்டும் க்ளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஓசை) கொடுத்துவிட்டு, அப்புறம் அதை நிறுத்திவிடுங்கள். க்ளிக் நின்ற பிறகு வரும் வாசிப்பில்தான் மூச்சு இருக்கும். ஐந்து நிமிடம் பதிவு செய்தால் அதற்குள் நான்கைந்து பிரேக் ஒளிந்திருக்கும்.

இப்போது செலவுகள். சாட்ஸ்வர்த்தின் பழைய வீடுகள் பல, சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு மணி நேரம் தவில் அடித்தால் பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டுவார், அவர் மேல் தப்பும் இல்லை. கராஜ், சமூகக் கூடம், இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு ஸ்டூடியோ. மைக் இரவல் கிடைக்கலாம், மைக்கை லேப்டாப்போடு இணைத்துப் பதிவு செய்யும் இன்டர்ஃபேஸ் வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவின் குறைந்த விலைப் பதிப்பில் ஒலிப்பதிவு வசதி கிடையாது. இதை முன்பே தெரிந்துகொள்ளாமல் கலைஞரை வரவழைத்துவிடாதீர்கள். கோயில் விழாவின்போது கைபேசியில் பதிவு செய்து அதை வெட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது என்பது என் கருத்து. சாமிக்கு வாசித்ததைக் கேட்காமல் எடுத்து கிளப்பில் போட்டால் வாசித்தவர் மனமும் புண்படும், நேர்த்திக்கடனோடு நின்றவர்கள் மனமும் புண்படும். தனியாக அழைத்து, விஷயத்தைச் சொல்லி, கூலி கொடுத்து வாசிக்கச் சொல்வதே முறை.

வாசிப்புக்கு முன்னால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கொடுங்கள். அன்றைய கூலி எவ்வளவு, அது கூலி மட்டுமா, வருமானத்தில் பங்கும் உண்டா, உண்டென்றால் நூற்றுக்கு எத்தனை, இந்த ஒலியை நீங்கள் வேறு பாடல்களிலும் பயன்படுத்தலாமா, பேக்காக மற்றவர்களுக்கு விற்கலாமா என்று எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். விற்கலாம் என்றால் அதிலும் அவருக்குப் பங்கு எழுதுங்கள். இசையமைப்பில் அவர் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டால், இசையமைப்பின் உரிமைத்தொகையை வசூலிக்கும் சங்கங்களான சாம்ரோவிலும் காபாசோவிலும் பாட்டைப் பதியும்போது அவர் பெயரும் சேர வேண்டும். வானொலியில் ஒலிக்கும்போது வாசித்தவர்களுக்கும் பங்கு தருவது சாம்ப்ரா என்ற இன்னொரு சங்கத்தின் வேலை. அதற்கு அவர் அங்கே உறுப்பினராக இருந்தாக வேண்டும். வயதான கலைஞர்களுக்கு இந்த ஆன்லைன் படிவங்கள் பிடிபடாது. பதிவு முடிந்த கையோடு, அவர் வீடு திரும்புவதற்குள், அடையாள அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் வாங்கிப் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.